சுருக்கம் போனதா, தோல் ஊறியதா? முகப் பேட்ச்களைச் சோதிக்கும் கணக்கு

இரவு படுக்கும்போது கண்ணுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள், காலையில் பிய்த்துப் பார்த்தால் சுருக்கம் இருக்காது. முகச் சுருக்கப் பேட்ச் விற்கும் கம்பெனி எதுவானாலும் விளம்பரம் சொல்வது ஏறக்குறைய இதுதான். இதில் பொய் என்று எதையும் சட்டென்று காட்டிவிட முடியாது. பிய்த்ததும் பார்த்தால் மெல்லிய கோடுகள் மங்கித்தான் இருக்கும். சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும், அவ்வளவுதான். விளம்பரத்துக்கான படத்தை யாரும் மாலை வரை காத்திருந்து எடுப்பதில்லை.

ஏன் மங்குகிறது? நம் தோலின் மேற்புறத்தில் செத்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கனம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சாதாரணமாக அதில் 10 முதல் 20 சதவீதம் தண்ணீர். காற்றுப் புகாத எதையாவது மேலே ஒட்டிவிட்டால், உள்ளிருந்து ஓயாமல் வெளியேறும் ஈரம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். தண்ணீரின் அளவு 50 சதவீதம் வரைகூட ஏறும். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி செல்கள் உப்பி, நடுவிலுள்ள கோடுகள் நிரவிவிடும். இதற்கு மருந்தே தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினாலும் நடக்கும்.

அதனால் 'இந்தப் பேட்ச் வேலை செய்கிறதா?' என்று மட்டும் கேட்டால் எந்தப் பேட்சுக்கும் 'ஆமாம்' என்றே பதில் வரும். எதோடு ஒப்பிடும்போது, ஒட்டை எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து என்று கேட்டால்தான் சோதனை தொடங்குகிறது. கடைக்கு வரும் பேட்ச்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை.

எத்தனை வகை

முகத்தில் ஒட்டிச் சுருக்கத்தை நீக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் மார்கரெட் க்ரோசன் என்பவர் 1889-ல் தொடங்கிய 'ஃப்ரௌனீஸ்' இன்றும் விற்பனையில் இருக்கிறது. பசை தடவிய காகிதத் துண்டுதான். நெற்றியில் ஒட்டிவிட்டால் புருவத்தைச் சுளிக்க முடியாது. மருந்து என்று எதுவும் கிடையாது.

சிலிகான் பேட்ச் வந்தது தீக்காய சிகிச்சையிலிருந்து. தழும்பு தடிக்காமலிருக்க 1980-களின் தொடக்கத்திலிருந்து டாக்டர்கள் சிலிகான் தாளை ஒட்டி வந்தார்கள். அதே தாள் வடிவம் மாறி நெற்றிக்கும் மார்புக்கும் கழுத்துக்கும் வந்துவிட்டது. கொரியாவிலிருந்து வரும் வழுவழுப்பான கண் பேட்ச்கள் ஹைட்ரோஜெல் வகை. எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

நாலாவது வகைதான் விஷயமுள்ளது. மைக்ரோநீடில், அதாவது நுண்ணூசிப் பேட்ச். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரவுஸ்னிட்ஸ் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு வேகம் பிடித்த தொழில்நுட்பம் இது. தடுப்பூசியை வலியில்லாமல் போட முடியுமா என்று ஒரு பக்கம் ஆராய்ச்சி நடக்க, அழகுசாதனக்காரர்கள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹயலுரானிக் அமிலத்தையே சில நூறு மைக்ரோமீட்டர் நீள ஊசிகளாக வார்த்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஒட்டினால் ஊசி மேல்படலத்தைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளேயே கரையும்.

இந்த ஊசி எதற்கு என்பதற்கு ஒரு எண் பதில் சொல்கிறது: 500. போஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு தோல் ஆராய்ச்சியில் இது ஒரு விதிபோலவே ஆகிவிட்டது. மூலக்கூறின் எடை 500 டால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) தாண்டினால் முழுமையான தோலை ஊடுருவுவது கடினம். முகப்பூச்சுகளில் கலக்கும் ரெட்டினால் 286, நியாசினமைடு 122, இவை போகும். பெட்டிமேல் பெரிய எழுத்தில் போடும், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம். ஹயலுரானிக் அமிலம் பல ஆயிரத்திலிருந்து பல லட்சம் வரை. இவை மேலே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், உள்ளே போகாது. கொலாஜன் பேட்ச் ஒட்டினால் நம் கொலாஜன் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அளக்கும் அறைக்குள்

ஒழுங்காக நடக்கும் பரிசோதனையில் முதல் அரைமணி நேரம் எதுவுமே நடக்காது. ஆய்வுக்கு வந்தவர் முகத்தைக் கழுவிவிட்டு, சுமார் 20 முதல் 22 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலிலிருந்து வந்த முகத்தையும் ஏசி பஸ்ஸிலிருந்து வந்த முகத்தையும் அப்படியே அளந்தால் எண்களுக்கு அர்த்தமே இருக்காது.

அப்புறம் கருவிகள் வரும். ஜெர்மனியின் கொலோன் நகரக் கம்பெனி ஒன்றின் 'கார்னியோமீட்டர்' தோலின் மேல் ஒரு நொடி தொட்டு, மின்தேக்கு திறனை வைத்து ஈரத்தைச் சொல்லும். 'டெவாமீட்டர்' தோல் வழியே எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளக்கும்; தோலின் தடுப்புச் சுவர் பழுதாகியிருந்தால் இந்த எண் ஏறும். 'க்யூட்டோமீட்டர்' 2 மில்லிமீட்டர் துளை வழியே தோலை உறிஞ்சி இழுத்து விட்டு, எவ்வளவு வேகமாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று பார்க்கும். அதுதான் நெகிழ்ச்சி.

சுருக்கத்தை அளப்பதுதான் சிரமம். பழைய முறை அச்சு எடுப்பது. கண்ணோரத்தில் சிலிகான் குழம்பைத் தடவி, இறுகியதும் உரித்தெடுத்து, அந்த அச்சின்மேல் சாய்வாக வெளிச்சம் விழச்செய்து நிழலின் நீளத்தை அளப்பார்கள். இப்போது கோடுகோடான ஒளியை நேரடியாக முகத்தில் பாய்ச்சி முப்பரிமாணப் படம் எடுக்கிறார்கள். எதுவானாலும் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் முட்டவைத்து, போன தடவை எடுத்த படத்தைத் திரையில் மங்கலாகக் காட்டி அதன்மேல் இந்தத் தடவை முகத்தைப் பொருத்துவார்கள். இம்மியளவு புன்னகைத்தாலும் கண்ணோரக் கோடு ஆழமாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து நேர்முகத்துக்கு நகர்த்தினாலே பத்து வயது குறைந்து தெரியும். முன், பின் என்று இணையத்தில் வரும் ஜோடிப் படங்களைப் பார்க்கும்போது, முகத்தைப் பார்க்குமுன் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பல படங்களின் ரகசியம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

சதவீதக் கணக்கிலும் ஒரு தந்திரம் உண்டு. ஒரு கோட்டின் ஆழம் 150 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 20 சதவீதம் குறைந்தால் 30 மைக்ரோமீட்டர், அரை முடியின் தடிமன்கூட இல்லை. கருவிக்குத் தெரியும், கண்ணாடி முன் நிற்பவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதனால்தான் நல்ல ஆய்வுகள் கருவியோடு நிறுத்தாமல், எது எந்தப் படம் என்று தெரியாத தோல் மருத்துவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொல்கின்றன. '10 பேரில் 9 பெண்கள் வித்தியாசம் உணர்ந்தார்கள்' என்பது இந்த இரண்டிலும் சேராது. காசு வாங்காமல் கிடைத்த பேட்சைப் பற்றி, ஒட்டிக்கொண்டவரிடமே கேட்ட அபிப்பிராயம் அது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

எதோடு ஒப்பிடுவது

இங்கே பேட்ச் இல்லாத ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்தின் 'நம்பர் 7' சீரம் என்ற முகப்பூச்சுத் திரவத்தைப் பற்றி 2007-ல் பி.பி.சி. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியதும் கடைகளில் சரக்கு தீர்ந்துபோனது. அதே வரிசையில் வந்த ஒரு சீரத்தை மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் முறைப்படி சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 பேர். பாதிப் பேருக்கு அசல் சீரம், பாதிப் பேருக்கு முக்கியப் பொருள்கள் இல்லாத வெறும் சீரம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, பூசுபவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அசல் பூசியவர்களில் 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெறும் சீரம் பூசியவர்களில் 22 சதவீதம் பேருக்கு.

அசல் குழுவை அதன் தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புள்ளியியல்படி செல்லும், அதாவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வெறும் சீரக் குழுவை அதன் தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் செல்லாது. ஆகவே சீரம் வேலை செய்கிறது என்றார்கள். மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்க வேண்டியது ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை. 43-ஐயும் 22-ஐயும் நேருக்கு நேர் நிறுத்தினால், அத்தனை சிறிய குழுக்களில் அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான். அதோடு விடவில்லை. இரண்டு குழுக்களுக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோதுகூட, தனித்தனியே தொடக்க நிலையோடு ஒப்பிடும் இந்த முறை 50 சதவீதம் வரை தவறான முடிவைக் காட்டக்கூடும் என்று 2011-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் இல்லை. அந்த ஆய்வு மோசமான ஆய்வு என்று சொல்ல மாட்டேன். அழகுசாதனத் துறையில் அவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்டதே அபூர்வம். ஒழுங்கான ஆய்விலேயே இப்படி என்றால், ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் இருபது பேருக்கு ஒட்டிப் பார்த்து, 'நாலு வாரத்தில் சுருக்கம் குறைந்தது' என்று வரும் பேட்ச் ஆய்வுகளை என்ன சொல்வது?

பேட்ச் விஷயத்தில் இந்தத் தப்பு இன்னும் பெரிதாகும். வெறும் ஒட்டே தோலை ஊறவைத்துவிடும் அல்லவா? ஆகவே சரியான ஒப்பீடு, ஒன்றும் ஒட்டாத முகம் கிடையாது. மருந்து இல்லாத அதே பேட்ச். ஒரே அளவு, ஒரே பசை, ஒரே நேரம். நுண்ணூசிப் பேட்ச் என்றால் மருந்தில்லாத ஊசியும் ஒப்பீட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் குத்துவதே தோலில் ஒரு மாற்றத்தைத் தூண்டும்.

முகத்தின் ஒரு பாதியில் இது, மறு பாதியில் அது என்று ஒட்டிப் பார்ப்பது சிக்கனமான வழி. ஒரே ஆளின் வயது, உணவு, தூக்கம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஆனால் முகத்தின் இரு பாதிகளும் சமமானவை இல்லை. 28 ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் வழியே வெயில் பட்ட இடது பாதி, வலது பாதியைவிடப் பல வருடம் மூத்த முகமாக இருந்தது. அதனால் எந்தப் பக்கம் எந்தப் பேட்ச் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும்.

கால அளவுக்கும் ஒரு அளவுகோல் உண்டு. சுருக்கத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரமுள்ள பூச்சு மருந்து ட்ரெட்டினாயின். அதன் ஒரு வகையை அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1995-ல் இதற்கென்றே அனுமதித்தது. அதற்கே மாதக்கணக்கில் பூச வேண்டியிருக்கிறது. தோலுக்கடியில் புதிதாகக் கொலாஜன் உருவாக அவ்வளவு நாள் ஆகும். ஒரே இரவில் தெரியும் பலன் தண்ணீரின் பலன். 8 வாரம், 12 வாரம் பயன்படுத்தி, பிறகு சில நாள் பேட்சை நிறுத்திவைத்து அளந்த எண் கிடைத்தால் அதைப் பேசலாம்.

ஒட்டினால் என்ன ஆகும்

பலனைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டும் அதே மூடிவைத்தல்தான் ஆபத்தையும் பெருக்குகிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற தோல் மருந்தைப் பூசி மூடிவைத்தால் தோலுக்குள் போகும் அளவு சுமார் 10 மடங்கு கூடுகிறது என்று ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் 1965-லேயே காட்டிவிட்டார்கள். எல்லாப் பொருளுக்கும் இப்படி ஏறாது. ஆனால் நல்லதை உள்ளே தள்ளும் பேட்ச் வாசனைப் பொருளையும் கெட்டுப்போகாமல் காக்கும் ரசாயனத்தையும் சேர்த்தே தள்ளும். கிரீமாகப் பூசும்போது ஒன்றும் செய்யாத பொருள் எட்டு மணி நேரம் மூடியிருந்தால் அரிக்கலாம். அதனால் கிரீமுக்கு எடுத்த பாதுகாப்புச் சான்றிதழ் பேட்சுக்குச் செல்லாது. பேட்சாகவே சோதிக்க வேண்டும்.

ஒவ்வாமையைப் பார்க்கும் சோதனை பொறுமையைச் சோதிக்கும். மூன்று வாரத்தில் ஒன்பது தடவை முதுகில் ஒரே இடத்தில் ஒட்டுவார்கள். அப்புறம் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓய்வு. பிறகு புதிய இடத்தில் ஒரு தடவை ஒட்டி, 48 மணி நேரத்திலும் 72 அல்லது 96 மணி நேரத்திலும் சிவப்பு, வீக்கம், கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு பொருளை முதல்முதலில் எதிரியாக அடையாளம் காண பத்து, பதினைந்து நாள் எடுக்கும். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு நிரூபணமும் ஆகாது. இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 200 பேரில் ஒருவருக்கும் ஒவ்வாமை வரவில்லை என்றால் உண்மையான விகிதம் பூஜ்யம் என்று அர்த்தமில்லை, 1.5 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. ஒரு லட்சம் பேர் வாங்கினால் அது 1,500 முகம்.

பெரும்பாலான ஆட்கள் மருந்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நான் பசையைப் பற்றிக் கவலைப்படுவேன். இதில் நமக்கு நேரடி அனுபவமே இருக்கிறது: ஸ்டிக்கர் பொட்டு. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிய பெண்களுக்கு நெற்றியில் வட்டமாக வெள்ளைத் தழும்பு விழுவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் கவனித்து, பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறமி செல்களைக் கொல்கிறது என்று 1990-லேயே எழுதினார்கள். பொட்டு எவ்வளவு சின்னது! சுருக்கப் பேட்ச் நெற்றி முழுவதையும் மூடுகிறது, அதுவும் தினமும்.

அரிப்பும் எரிச்சலும் வெள்ளைத் தோலில் சில நாள் சிவந்து ஆறிவிடும். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அதே எரிச்சல் மாதக்கணக்கில் போகாத கரும்படையை விட்டுவிட்டுப் போகும். சுருக்கத்துக்கு ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருமை வாங்கிக்கொண்டால் அது என்ன லாபம்? வெள்ளைத் தோலில் மட்டும் நடந்த பாதுகாப்பு ஆய்வு இந்தப் பக்கவிளைவைக் குறைத்தே காட்டும்.

பிய்ப்பதும் சும்மா இல்லை. தோலின் தடுப்புச் சுவரை வேண்டுமென்றே பழுதாக்க ஆய்வகங்களில் கையாளும் வழிகளில் ஒன்று, ஒரே இடத்தில் டேப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பிய்ப்பது. வயதானவர்களின் தோல் மெலிந்திருக்கும், சீக்கிரம் உரியும். சுருக்கப் பேட்சை வாங்குபவர்களில் அவர்களே அதிகம் என்பதைத் தயாரிப்பவர்கள் எந்த அளவுக்கு யோசிக்கிறார்கள் என்பது சந்தேகம்தான்.

நுண்ணூசிக்கு வேறு ஒரு தனிக் கவலை. தோலின் மேல் பூசப் பாதுகாப்பான பொருள், தோலுக்குள் போகப் பாதுகாப்பானது என்று ஆகாது. நுண்ணூசிகள் பதித்த உருளையால் முகத்தில் குத்தி அதன்மேல் சீரம் பூசிக்கொண்ட மூன்று பெண்களுக்கு முகத்தில் கட்டிகட்டியாக ஒவ்வாமை வந்ததை 2014-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. பேட்சும் குத்தி உள்ளே கரைக்கிறது, ஆகவே இதே கேள்வி அதற்கும் உண்டு. கிருமி விஷயமும் அப்படியே. அழகுசாதனங்களுக்கான சர்வதேசத் தர அளவு கண்ணைச் சுற்றிப் பயன்படுத்தும் பொருளில் ஒரு கிராமுக்கு 100 கிருமிகள் வரை அனுமதிக்கிறது. மேலே பூசும் பொருளுக்கு அது நியாயம். துளை போடும் பொருளுக்குப் போதுமா?

சட்டம் எங்கே நிற்கிறது என்றால், பெரும்பாலும் வாசலில். அமெரிக்காவில் உடலின் அமைப்பை மாற்றும் என்று சொன்னால் அது மருந்தாகிவிடும், எல்லா ஆதாரமும் காட்ட வேண்டும். அதனால் 'சுருக்கத்தைக் குறைக்கும்' என்று சொல்லாமல், 'சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கும்' என்று எழுதித் தப்பிக்கிறார்கள். கொரியாவில் சுருக்கத்துக்கென்று தனிப்பிரிவே இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பொருளை, உதாரணமாக 0.04 சதவீத அடினோசினை, கலந்துவிட்டால் வழக்கமாகத் தனி ஆய்வு கேட்பதில்லை. இந்தியாவில் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகள் உரிமம், இறக்குமதிப் பதிவு, பாதுகாப்புத் தரம் எல்லாம் கேட்கின்றன; பொய்யான உரிமைகோரல் கூடாது என்றும் சொல்கின்றன. சுருக்கம் குறைகிறதா என்று விற்பனைக்கு வருமுன் யாரும் அளந்து பார்ப்பதில்லை. பெட்டியில் இருக்கும் 'தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது' என்ற வரி, எத்தனை பேரிடம், எவ்வளவு நாள், என்ன முடிவு என்று எதையும் சொல்லாது. சோதித்தார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்று முடிவு செய்தால், முதலில் ஒரு துண்டை வெட்டி முழங்கையின் உள்பக்கம் இரண்டு வாரம் இரவில் ஒட்டிப் பாருங்கள். நுண்ணூசி என்றால் வீட்டுச் சோதனை வேண்டாம், தோல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மற்ற வகையில் கையில் அரிப்போ படையோ வரவில்லையென்றால், ஒரு கண்ணுக்கு மட்டும் எட்டு வாரம் ஒட்டுங்கள். எந்தக் கண் என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். படத்தை அதே ஜன்னலோரம், அதே நேரத்தில், மாலையில் அடுத்த பேட்ச் ஒட்டுவதற்கு முன் எடுங்கள். கடைசியில் எது ஒட்டிய கண் என்று சொல்லாமல் வீட்டில் காட்டிக் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதிக்குப் பாதி சரியாக வரும் என்பதால் ஒருவரோடு நிறுத்தாமல் ஏழெட்டுப் பேரிடமாவது கேட்க வேண்டும், அதிலும் பேட்ச் வாங்கிக் கொடுத்தவரைச் சேர்க்கக் கூடாது.